பொடித்த பாதி

"மிச்சம் வச்ச பாதிய எடுங்க சார், நான் பாக்கணும்."

பீரோவில் பூட்டிய மிச்சத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கக் கூடாது என்று ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே அவளிடம் மேலதிகாரி சொல்லியிருந்தார்.

"குடும்பத்துல முதல் ஆளா படிச்சு வர்றவங்களுக்கு வாய்தான் முதல்ல நீளுது."

"திருட்டுக்குக் கையெழுத்துப் போடவா சார் படிச்சேன்?"

பிடிபட்ட போதைக் காளானை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியைப் பொடித்துக் கரைத்துச் சோதிப்பது அவள் வேலை. மறுபாதி வழக்கு முடியும்வரை பீரோவில் இருக்கும். இன்று போலீஸ் தெருவில் பிடித்த பொட்டலத்தில் ஒரு பாதிக் காளான் கிடந்தது. வெட்டிய இடத்தில், முனை உடைந்த அவள் கத்தி விடுகிற அதே கீறல். இந்த ஆள் மிச்சத்தை விற்றுத் தின்கிறார் என்றுதான் வந்து நின்றாள்.

அவர் பீரோவைத் திறந்தார். உறையின் முத்திரை உடையவில்லை. போன மாதம் அவள் வைத்த பாதி உள்ளே பத்திரமாக இருந்தது.

கையோடு கொண்டுவந்த பாதியை அதோடு சேர்த்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தின. அப்படியானால் தெருவில் கிடைத்தது, அவள் தன் கையால் பொடித்துக் கரைத்த பாதி.

"இதுக்குத்தான் கேக்காதேன்னேன்." அவர் கீழ்த்தட்டை இழுத்தார். வரிசையாக முழுக் காளான்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய தழும்பு. "பொடிச்சதெல்லாம் திரும்பி வந்து ஒட்டிக்குது. புதுச்சரக்குன்னு எழுதிடும்மா. நானும் அப்படித்தான் எழுதுறேன்."

"கோர்ட்டுல உள்ளதச் சொல்லப் போறேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

உறையில் போடப் பாதிகளைப் பிரித்தாள். பிரியவில்லை. அப்படியே கையில் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள். காய்ந்த காளான் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.