கடைசித் தவணையில் பாதி

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக மேகலாவின் கணவன் தேசப்பனுக்கு கோர்ட்டில் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். மாதம் இரண்டாயிரமாக ஐந்து தவணையில் கட்டலாம் என்றார்கள். இரண்டு தவணை கட்டியபின் கடலுக்குப் போனவனைப் பிணமாகத்தான் ஊரூர் குப்பத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆள் போனாலும் அபராதம் போகாதாம். மூன்றாவது தவணைக்கு மேகலா, மீன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு அடையாறில் கோர்ட்டுக்கு பஸ் ஏறினாள். கிளார்க் பணத்தை எண்ணிவிட்டு, கையெழுத்துக்காக ரசீது புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் பேனாவைத் தொடவே இல்லை. அதற்குள் அன்றைய ரசீதிலேயே தேசப்பனின் கையெழுத்து இருந்தது. எப்போதும்போல் அழுத்தி வைத்த கடைசிப் புள்ளியில் தாள் கிழிந்திருந்தது.

"அதான் போட்டாச்சேம்மா" என்று கிளார்க் புத்தகத்தை மூடினார்.

நான்காம் மாதமும் அப்படியே நடந்தது. கனவில்கூட வராத மனுஷன்.

ஐந்தாம் மாதம் மேகலா ஆயிரம் மட்டும் நீட்டினாள்.

"கையில இன்னும் ரெண்டு ஐநூறு நோட்டு இருக்கேம்மா. அதையும் கட்டிட்டா கேஸ் முடிஞ்சிடும்."

"தெரியும் சார். அதாலதான் வச்சிக்கினு கீறேன்."

கிளார்க் ஆயிரத்துக்கு ரசீது எழுதி, புத்தகத்தைத் திருப்பினார். கையெழுத்து போடும் இடத்தில் 'தேச' வரைக்கும்தான் இருந்தது. மை ஈரமாக இருந்தது.

பின்னால் வரிசையில் நின்றவர் "சீக்கிரம்மா" என்றார். மேகலா குனிந்து, அது காயும்வரை மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.