லாட்டில் இல்லாத பீஸ்

திருப்பூர்க்காரர்களுக்கு உள்ளாடை விஷயத்தில் கூச்சமே கிடையாது என்று வெளியூர்களில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை இது. தினம் ஆயிரம் ஜட்டிக்கு எலாஸ்டிக் வைக்கிற பெண்ணும், தன்னுடைய ஒன்றைக் கொடியில் பாவாடைக்கு அடியில்தான் காயப்போடுவாள்.

ஒரு பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். அயர்ன் மேஜையில் ராஜபாண்டி தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, செக்கிங் சூப்பர்வைசர் தெய்வாத்தாள் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, நம்ம லாட்டு பூராவும் வெள்ளைங்க. இதேதுங்க பூப்போட்டது?”

ராஜபாண்டி குனிந்தபடி தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“லேடீஸ் பீஸு. அதுவும் பழசு. எங்கிருந்துங்க எடுத்தீங்க?”

“நம்ம ஹாஸ்டல் புள்ளைக கொடியில போட்டதக் காணமின்னு போன வாரம் சொல்லீட்டிருந்துச்சுக,” என்றது பேக்கிங் மேஜையிலிருந்து ஒரு குரல்.

டிபன் பாக்ஸைத் திறந்தவர்கள் மூடினார்கள்.

“நீங்களாச் சொல்லீட்டா நல்லதுங்க. இல்லீன்னா ஆபீஸ்ல சொல்லி இன்னைக்கே அனுப்பிருவமுங்க,” என்றார் தெய்வாத்தாள். கொங்கு நாட்டில் ஆளைத் துரத்தும்போதும் மரியாதை குறையாது.

“அனுப்புங்கக்கா,” என்றான் ராஜபாண்டி.

மூன்றாவது தையல் மெஷினிலிருந்து அவன் மனைவி நாகஜோதி எழுந்தாள்.

“அது என்னுதுக்கா.”

“நீ உக்காரு,” என்றான்.

“வேலையே போகப்போகுது, அப்பவும் வாயைத் தொறக்க மாட்டீகளா?” அவள் தெய்வாத்தாளிடம் திரும்பினாள். “ஆறு மாசமா அரிப்புக்கா. லைன் வீட்டுல எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கொடி. அதுவும் ஆம்பளைங்க பல்லு விளக்குற எடத்துல. வெக்கப்பட்டு பாத்ரூமுக்குள்ளயே போட்டேன், ஈரம் காயல. மருந்து மட்டும் பத்தாது, வெயில்ல போடு, இல்லாட்டி சூடா தேச்சுப் போடுன்னாங்க டாக்டரம்மா. வீட்டுல அயர்ன் பாக்ஸுக்கு எங்க போக? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்.”



தெய்வாத்தாள் அந்தப் பூப்போட்டதைக் கையில் எடுத்தார். பழக்கதோஷத்தில் தையலைத் திருப்பிப் பார்த்தார். மடித்து ராஜபாண்டியிடம் கொடுத்தார்.

“எலாஸ்டிக் மேல பெட்டிய வெக்காதீங்க. இழுத்துக்கும்.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ராஜபாண்டி தேய்த்து முடிக்கும்வரை அயர்ன் மேஜையருகே ஒருவர் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். கையில் ஒரு சின்னப் பை.

கட்டிங் மாஸ்டர் செந்தில்வேல். தெய்வாத்தாளின் வீட்டுக்காரர்.