நகராத துணிச்சுருள்

அனிதா மேரி மீன்தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அலாரம் கத்திக்கொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்து வந்து திறந்தவள், மகிழனைக் கண்டதும் வழியை விடாமல் நின்றாள்.

"நான் இன்னும் கடைக்குப் போனே பண்ணலையே தம்பி" என்றாள்.

மகிழன் கம்பத்தில் வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறவன். தொட்டித் தண்ணீரை வடிகட்டும் மிஷின் நின்றால் வழக்கமாக அவள்தான் கடைக்குச் சொல்வாள். இன்றைக்கு மஸ்கட்டில் இருக்கும் அவள் புருஷன் ஆண்டனி ராஜ் பொறுமையிழந்து நேராக மகிழனையே போனில் பிடித்துவிட்டான். வேறொரு வேலையாக அவள் ஊரான தேவாரத்துக்கு வந்திருந்த மகிழன், அடுத்த தெருவிலிருந்து அப்படியே வந்துவிட்டான்.

மீன்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டதற்கு, "கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். வழித்து வாரிய தலை, மடிப்புக் கலையாத சேலை. மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாளோ என்னவோ.

அந்தத் தொட்டி ஆண்டனி ராஜுக்கு உயிர். கல்யாணமான வருஷமே மஸ்கட்டுக்குப் போனவன், லீவில் வந்த மாதம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தானோ இல்லையோ, தொட்டியைக் கட்டி முடித்தான். கடலே இல்லாத ஊரில் உப்புக் கலக்கிய தண்ணீர், அதில் கடல் மீன்கள். அழுக்கை வடிகட்டும் பையைத் தினமும் கையால் துவைத்துப் போட வேண்டியிருந்தது. துவைத்தாயா, நன்றாக அலசினாயா என்று மஸ்கட்டிலிருந்து தினமும் விசாரணை வரும்.

அந்தத் தொல்லை அவளுக்கு இனி வேண்டாம் என்றுதான் இந்த மிஷினை வாங்கிப் போட்டான். தண்ணீர் ஒரு வெள்ளைத் துணிச்சுருள் வழியாக வடியும். துணியில் அழுக்கு அடைத்துத் தண்ணீர் மட்டம் ஏறினால், மோட்டார் தானாகச் சுற்றி அழுக்குத் துணியை இழுத்துக்கொண்டு புதுத் துணியைக் கொண்டுவரும். துணி நகராவிட்டால் இங்கே அலாரம், அங்கே அவன் போனில் செய்தி. வீட்டில் இருப்பவர்கள் கையே வைக்க வேண்டாம்.

அப்படிப்பட்ட மிஷின்தான் அடிக்கடி நின்றது. மகிழன் வந்து பார்க்கும்போது மட்டும் நல்லபிள்ளையாக ஓடும். மோட்டாரை மாற்றினான், சென்சாரை மாற்றினான், ஒன்றும் பிடிபடவில்லை. கடையில் அவன் பேர் கெட்டதுதான் மிச்சம்.

அலாரத்தை நிறுத்திவிட்டு அவன் அலமாரிக்குள் குனிந்தபோது, அவள் போனில் வீடியோ கால் வந்தது. எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, மீனு தெரியல" என்றான் ஆண்டனி ராஜ்.

அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். மீன்கள் அத்தனையும் நீந்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டவன், போனை மகிழனிடம் கொடுக்கச் சொன்னான். கத்தவில்லை. முடிவெடுத்துவிட்டவன் மாதிரி பேசினான்.

"இன்னொருக்கா நின்னுச்சுன்னா தொட்டியப் பிரிச்சு, கம்பத்துல எங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் வச்சிருங்க தம்பி. அங்கனயாவது உசுரோட இருக்கட்டும்."

பக்கத்தில் நின்ற அனிதா மேரி கையை நீட்டினாள். அவள் போனைத் திருப்பி வாங்குவதற்குள் அவன் வைத்துவிட்டிருந்தான்.

மகிழன் துணிச்சுருளைக் கழற்றினான். அடிப்பக்கத்தில் விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. திருப்பிப் பார்த்தால் ஓர் ஊக்கு, பெண்கள் சேலைக்குக் குத்துவது. சுருள் அவிழாதபடி நாலைந்து சுற்றுத் துணியைச் சேர்த்துக் குத்தியிருந்தது. இத்தனை நாளும் கடைக்குப் போன் வந்து அவன் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் அது கழன்றுவிட்டிருக்கிறது. இன்றைக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. கண்காணாத தேசத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் மீன் வளர்க்கிறான். விருப்பமில்லாத தொட்டியோடு இவள் எத்தனை காலம்தான் மாரடிப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஊக்கை எடுத்து அவள் பக்கத்தில் மேஜைமேல் வைத்தான். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டி புடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா. அண்ணன்கிட்ட இதப் பத்தி மூச்சு விடமாட்டேன். மிஷின் சரிவராதுன்னு சொல்லி, நாளைக்கே வண்டியக் கொண்டாந்து தூக்கிட்டுப் போயிர்றேன். உங்களுக்கும் நிம்மதி."

நல்ல காரியம் செய்கிற திருப்தியோடு அவன் ஸ்பேனர்களைப் பைக்குள் எடுத்துப் போட்டான். அனிதா மேரி அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"தூக்கிராதீக தம்பி. அது நின்னாத்தான் அவுக எனக்குப் போன் பண்றாக."