ரத்தம் வந்தால்தான்

தலையணை அருகே கிடந்த வெள்ளைக் கைக்குட்டையில் ரத்தம். வீணா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நரேஷைப் பார்த்தாள்.

"எப்போ வந்துச்சு?"

"விடிகாலைல இருமினியே, அப்போ. தூக்கத்துல உனக்குத் தெரியல." கைக்குட்டையில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டு, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "இன்னிக்காச்சும் ஆஸ்பத்திரிக்கு வா, வீணா. உன் கால்ல விழறேன்."

இரண்டு மாதமாக அவன் கெஞ்சாத நாளில்லை. சாயங்காலமானால் காய்ச்சல், இரவெல்லாம் வியர்வை. கல்யாணப் புடவையின் ரவிக்கை இப்போது அவள் தோளில் நிற்பதில்லை.

கூப்பிட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "போய்யா! டி.பி.ன்னா ரத்தம் வரணும். எந்தப் படத்துல ரத்தம் கக்காம செத்தாங்க? நீ மேக்கப் போடற நாடகத்துலயே ஹீரோயின் கர்சீப்பைப் பாத்துட்டுதானே சாயறா? எனக்கு வெறும் சளி."

இன்று அவள் வாதாடவில்லை. எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோ நின்றது. அவள்தான் நரேஷின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் முடிந்து, மத்தியானம் டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார்.

"கெம்மு எவ்ளோ நாளா?"

"ரெண்டு மாசமா இருமறா, மேடம்."

"ரெண்டு மாசமா சும்மா இருந்தீங்களா? டி.பி.தான். ரெண்டு பக்கமும் பரவியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் கையில ஒண்ணும் இல்ல." எழுதிக்கொண்டே கேட்டார். "ரத்தம் வந்துச்சா?"

நரேஷின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"இல்ல மேடம்," என்றாள் வீணா.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் எக்ஸ்ரேவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறைய பேருக்கு வராதும்மா. சினிமாவைப் பாத்துட்டு, ரத்தம் வரட்டும்னு காத்திருந்தே செத்துப்போறாங்க. மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது, தெரிஞ்சுதா?"

வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நிற்க முடியாமல் அவன் தோளில் சாய்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தான் நரேஷ். வார்த்தைக்குப் பதில் அழுகைதான் வந்தது.

அவன் பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை உருவி, அதன் வெள்ளைப் பக்கத்தால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

"உன் நாடக ரத்தத்துல சக்கரை ஜாஸ்திய்யா. தலகாணி பூரா எறும்பு."