வாசல் மிதித்தால் பதவி

"தலைவரே, இனிமே யாரையும் வெறும் உறுப்பினரா சேர்க்கக் கூடாது. வாசப்படி மிதிச்சதுமே பதவி கொடுத்துடணும். அப்பத்தான் நம்ம கட்சி எழுந்து நிக்கும்," என்றார் பொருளாளர் கதிரேசன்.

தலைவர் தமிழ்மாறன் தலையாட்டும்போதே, ராஜா அண்ணாமலைபுரத்துக் கட்சி ஆபீஸ் வாசலில் ஓர் இளைஞன் செருப்பைக் கழற்றினான்.

"உள்ளே வரலாமா சார்?"

"வா தம்பி, வா! பேரு இன்னா?"

"ஜைத். நான் வந்தது..."

"தெரியும், தெரியும்!"

தலைவர் அவனுக்குச் சால்வை போர்த்தினார். கதிரேசன் போட்டோ எடுத்துவிட்டு, "இளைஞரணிச் செயலாளர் ஜைத் வாழ்க!" என்று கத்தினார்.

ஜைத் நெளிந்தான். அவன் கண்கள் கூரை, ஜன்னல், சமையலறை என்று சுற்றி வந்தன.

"கூச்சப்படாம கேளு தம்பி. கொள்கை பத்தியா?"

"இல்ல சார். தண்ணி நல்லா வருமா?"

"தண்ணியா?"

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வெளியில ஹவுஸ் ஓனர் 'வீடு வாடகைக்கு'ன்னு போர்டு மாட்டிக்கினு இருந்தாரு. நீங்க காலி பண்றீங்க, உள்ளே போய்ப் பாருன்னு அவருதான் அனுப்பினாரு."

கதிரேசன் வெளியே ஓடிப் போர்டைப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

தலைவர் நிதானமாக ஜைத்தின் சால்வையைச் சரிசெய்தார்.

"தாராளமா குடி வா தம்பி. இளைஞரணிச் செயலாளர் வீட்டு ஹால்ல கட்சிக்கு ஒரு மூலை கிடைக்காதா இன்னா?"