படிக்கப்போறவங்க பேசட்டும்!

"பேச வேண்டியது நீங்க இல்லைங்க மேடம், உங்க பொண்ணு!"

பிரெண்டிஸ் குரலில் சர்க்கரை தடவித்தான் சொன்னார். உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தார். டாக்டராகும் ஆசையோடு ஆல்டர்மியர் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டும் நாற்காலியில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருப்பவர் அவர். பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத் தாங்களே எல்லாம் பேசும் அம்மாக்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

இன்று மே முதல் தேதி. எந்தப் பல்கலைக்கழகம் என்று மாலை ஐந்து மணிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டால் டாக்டர் கனவு அங்கேயே அஸ்தமனம். மணி இப்போது நாலேகால்.

டார்லின் கோவல்சிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு, கையில் பென்சில். பக்கத்தில் மகள் டெஸ் ஸ்வெட்டர் தொப்பிக்குள் தலையை இழுத்துக்கொண்டு, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

"அவ கிடக்கிறா, விடுங்க சார். கேக்க வேண்டியதை நான் கேக்குறேன். ரெண்டு இடத்துல சீட் கிடைச்சிருக்கு. ஒண்ணு உங்க ஆல்டர்மியர். இன்னொண்ணு க்ளியர் ரிவர்."

"க்ளியர் ரிவரா?" பிரெண்டிஸ் சிரித்தேவிட்டார். "சோளக்காட்டு நடுவுல இருக்கே, அதுவா? மாட்டு டாக்டராகணும்னா தாராளமா அங்க போகலாம்."

டெஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

பிரெண்டிஸ் வழவழப்பான ஒரு தாளை நகர்த்தி வைத்தார். "இதைப் பாருங்க. எங்ககிட்ட நாலு வருஷம் முடிச்சிட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேருக்கு இடம் கிடைக்குது. க்ளியர் ரிவர்ல பாதிப் பேருக்குக் கிடைச்சாலே பெரிசு."

டார்லின் அதைக் கவனமாக எழுதிக்கொண்டாள். "சரி சார். டாக்டராகணும்னு முதல் வருஷம் இங்க வந்து சேர்றவங்க எத்தனை பேரு?"

"அது... ஒரு முந்நூறு பேரு இருப்பாங்க."

"கடைசியில விண்ணப்பம் போடுறவங்க?"

பிரெண்டிஸ் டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"எழுபது பேரு."

"மீதி இருநூத்தி முப்பது பேரு என்ன ஆனாங்க?"

"எங்க குழு சிபாரிசுக் கடிதம் கொடுத்தாத்தான் விண்ணப்பமே போட முடியும் மேடம். இவங்க தேற மாட்டாங்கன்னு தெரிஞ்சா கொடுக்கறதில்லை. வேற ஏதாவது படிச்சிட்டுப் போயிடுவாங்க."

"அப்படிச் சொல்லுங்க!" டார்லின் தொடையில் தட்டிக்கொண்டாள். "தோத்துடுவாங்கன்னு தோணுறவங்களை முன்னாடியே கழிச்சுக் கட்டிட்டு, மிச்சப் பேரை மட்டும் எண்ணிக் காட்டுறீங்க. பலே ஆளு சார் நீங்க! க்ளியர் ரிவர்ல எப்படி?"

"அங்க கேக்குற எல்லாருக்கும் கடிதம் கொடுப்பாங்க" என்றார் வேண்டாவெறுப்பாக.

"வேதியியல்ல ஒரு தடவை கோட்டை விட்டா?"

"இங்கன்னா அத்தோட கதை முடிஞ்சுது. அங்க மறுபடி படிச்சு எழுத விடுவாங்க. அதுக்குப் பேரு படிப்பா?"

"விழுந்து எந்திரிச்சு ஓடுற ஆளுக்கு அந்த இடம்தான் சார் சரி." டார்லின் நோட்டைப் பட்டென்று மூடினாள். "க்ளியர் ரிவர்!"

பிரெண்டிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் பாதி, அந்தச் சின்னப்பெண் மேல் இரக்கம் பாதி.

"இது அநியாயம் மேடம்! எங்க பேருக்கு நாடே வரிசையில நிக்குது. அதை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு? படிக்கப்போறவங்க பேசட்டும்!" என்றவர் டெஸ் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கண்ணைத் திற! பட்டப்பகல்ல கால் மணி நேரம் முழிச்சிருக்க முடியலை. நாளைக்கு ராத்திரி பூரா நோயாளி பக்கத்துல எப்படி நிப்பே? டாக்டர் வேலைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? உங்கம்மாவை விடு. உன் வாயால சொல்லு, எந்த இடம் நல்ல இடம்?"

டெஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "க்ளியர் ரிவர்தான் சார். வேதியியல்ல நான் ரெண்டு தடவை கோட்டை விட்டேன். ஆனாலும் என்னை விரட்டலை."

"நீ... அங்க படிச்சியா?"

"படிச்சு, அப்புறம் மருத்துவக் கல்லூரியும் முடிச்சு, இப்ப ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கா சார்" என்றாள் டார்லின். பெருமை அவள் முகமெல்லாம் வழிந்தது. "நேத்துக் காலையில டியூட்டிக்குப் போனவ, இன்னிக்கு மத்தியானம்தான் வெளிய வந்தா. வந்த கையோட என்னைக் காருல ஏத்திக்கிட்டு வந்தா, அதான் அசந்துட்டா."

அவள் எழுந்து, பிரெண்டிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இருபது வருஷமா ஆம்புலன்ஸ் ஓட்டி, நோயாளிங்களை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன் சார். இனிமே நானும் உள்ள போகப்போறேன்... படிக்கப்போறது நான்தான்!"