லெந்தோவின் சனி, ஞாயிறு

வேகாவின் அம்மா நோட்டில் எழுதியிருந்தது மொத்தம் நாலே வார்த்தை.

'வீட்டில் இருந்தோம். சூப்பு குடித்தோம்.'

போட்டோ கிடையாது. படம் கிடையாது. ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை.

அசுசேனா பள்ளி வாசலில் நின்று அதை மூன்று முறை படித்தாள். நாலு வார்த்தையை எத்தனை முறை படித்தாலும் நாலு வார்த்தைதான்.

ஐந்து வயசுப் பிள்ளைகளின் வகுப்பு அது. வகுப்புக்கென்று ஒரு துணி ஆமை உண்டு, பேர் லெந்தோ. வெள்ளிக்கிழமைதோறும் குடும்பப் பெயர் வரிசைப்படி ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும். சனி, ஞாயிறு அங்கே என்ன செய்தது என்று அந்த வீட்டார் நோட்டில் எழுதி, திங்கட்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். வருஷக் கடைசியில் எல்லாப் பக்கமும் புத்தகமாக அச்சாகும்.

லெந்தோ இதுவரை கடல் பார்த்துவிட்டது. கால்பந்து மைதானம் பார்த்துவிட்டது. இரண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டது. அசுசேனா வீட்டுக்கு வந்தபோது சரகோசா நகரத்து மீன்காட்சியகம், ஒரு கோட்டை, மாமனாரின் பாதாம் தோப்பு என்று எட்டுப் பக்கம் நிறைந்தது. அவள் மகள் கந்தேலா பாதி நேரம் காரில் தூங்கினாள். போட்டோ எடுக்கும்போது மட்டும் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் புதுப் பக்கத்தைப் படம் பிடித்து பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அசுசேனாவின் வேலை. யாரும் கொடுத்ததில்லை, அவளே எடுத்துக்கொண்டது.

போட்டாள்.

'பாவம் அந்த ஆமை' என்றாள் ஒருத்தி.

'என்ன சூப்புன்னாவது எழுதியிருக்கலாம்' என்றாள் இன்னொருத்தி.

சிரிக்கிற முகம் மட்டும் முப்பத்தொன்று விழுந்தது. வேகாவின் அம்மா மைத்தேயும் அதே குழுவில்தான் இருக்கிறாள். பார்த்தாள், பதில் போடவில்லை.

விஷயம் அதோடு போயிருக்கும். மத்தியானம் அசுசேனாவின் கொழுந்தனாரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மலைமேல் பனிச்சறுக்கு இடத்தில் அவருக்கு வேலை.

'அண்ணி, உங்க பள்ளிக்கூடத்து ஆமை சனிக்கிழமை இங்க வந்துச்சே, தெரியுமா?'

சறுக்குவண்டியில் வேகா. மடியில் லெந்தோ, தலையில் கம்பளிக் குல்லாய். பின்னால் மைத்தே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அசுசேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோம்பேறித்தனம் என்றால்கூட மன்னித்துவிடலாம். இது அப்பட்டமான பொய்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் நேராக வகுப்புக்குள் போனாள். லுர்தெஸ் டீச்சர் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். மைத்தே மகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் இருக்கீங்க" என்றாள் அசுசேனா. "ஏம்மா மைத்தே, சனிக்கிழமை எங்க இருந்தீங்க?"

"மலையில."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று அசுசேனா எதிர்பார்க்கவில்லை. அடுத்துக் கேட்க வைத்திருந்த இரண்டு கேள்வி வீணாகப் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை?"

"அங்கயேதான் தங்கினோம்."

"அப்ப சூப்பு?"

"குடிச்சோம். நல்ல குளிரு."

அசுசேனா போனை டீச்சர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாருங்க டீச்சர். இவ்வளவு நல்ல போட்டோவ வெச்சுக்கிட்டு, வீட்டுல இருந்தோம்னு எழுதியிருக்காங்க. புத்தகமா வரப்போற நோட்டு இது. அந்தப் பக்கத்தக் கிழிச்சுட்டு வேற எழுதச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"இருக்கட்டுமே, அதனால என்ன..." என்று டீச்சர் இழுத்தார்.

"எப்படி இருக்கும்? காலையில நீங்க எல்லாப் பிள்ளைங்களையும் உக்காரவெச்சுக் கேட்டப்ப வேகாவும் வீட்டுல இருந்தோம்னுதானே சொல்லியிருக்கா? கந்தேலா சொன்னா. பச்சப் புள்ளைய வேற பொய் சொல்லப் பழக்கியாச்சு."

"பொய் இல்ல" என்றாள் வேகா, வாய் நிறைய ஆரஞ்சோடு. "ரகசியம்."

மைத்தே மகளின் மோவாயைத் துடைத்துவிட்டாள். "போம்மா, கொஞ்ச நேரம் வெளிய விளையாடு" என்று அனுப்பினாள். அவள் வெளியே போனதும் அசுசேனா பக்கம் திரும்பினாள்.

"வேகாவுக்கு அடுத்து யாரு முறைன்னு பாத்தீங்களா?"

அசுசேனா சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். லாஃபுவெந்தே, வேகா. அதற்குக் கீழே லாத்தோரே, தாரியோ.

தாரியோவின் அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று மாசம் ஆகிறது. சேதி வந்த அன்று குழுவில் முதல் ஆளாக ஆறுதல் சொன்னதே அசுசேனாதான். வரிசையாகப் பன்னிரண்டு இதயம் போட்டிருந்தாள். தாரியோவின் அப்பா பஸ் ஓட்டுகிறவர். சனி, ஞாயிறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார், வீட்டில் ஏதோ சமைப்பார். அதற்கு மேல் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

"பாத்தேன்" என்றாள் அசுசேனா. குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு?"

"வீட்டுல இருந்தோம், சூப்பு குடிச்சோம்னு முதல்ல எழுதறவங்களப் பாத்து நீங்க எல்லாரும் சிரிப்பீங்கன்னு தெரியும்" என்றாள் மைத்தே. "சிரிச்சு முடிச்சாச்சுல்ல? இனி அவர் எழுதட்டும்."